புது வீட்டுக்கு ஆகும்

ஐயா, போன மாதம் நீயும் மருமகளும் வந்துவிட்டுப் போன அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்ததா இல்லையா, முதலில் அதைச் சொல். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் கார் முனை திரும்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன். பிடித்த மழை விடிகிறவரை விடவில்லை. காலையில் நீ போன் போட்டு, "மின்மினி ரொம்ப அழகா இருந்துச்சிம்மா, மரம் பூரா லைட்டு போட்ட மாதிரி" என்றாய். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் போய், "என் மருமகளுக்கு மின்மினி பாக்க ஆசைக்கா, அதனாலதான் கோல சிலாங்கூர்ல ஹோம்ஸ்டே எடுத்துத் தங்கிட்டாங்க" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மழை பெய்தால் ஆற்றில் மின்மினிப் படகு விடமாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீ சொன்னதால் எனக்கு அது உறைக்கவில்லை.

உன் தங்கச்சிதான் பாத்திரம் கழுவிக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அம்மா, அண்ணன் மின்மினியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. நம்ம வீட்டுல படுக்க இடமில்ல, அதான். அண்ணி பாத்ரூம்ல நின்னுக்கிட்டே சேலை மாத்துனாங்க. நீங்க கவனிக்கலயா?" நான் கவனிக்கவில்லை, ஐயா. கல்யாணம் ஆகி முதல் தடவையாக வீட்டில் தங்க வந்த பெண்ணுக்குச் சேலை மாற்ற ஓர் இடம் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல், மீன் குழம்பு நன்றாக வந்திருக்கிறதா என்று நாலு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் சொன்னதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. நாங்கள் வெட்கப்படக் கூடாது என்று சொன்ன பொய் அது. ஆனால் பெற்ற பிள்ளை, சொந்த ஊருக்கு வந்து, காசு கொடுத்து வெளியில் படுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தபோது கை வேலை ஓடவில்லை. அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டேன்.

போன வாரம் நீ கூப்பிட்டு, "தீபாவளிக்கும் அதே ஹோம்ஸ்டேய புக் பண்ணிட்டேம்மா, அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மருமகளுக்கும் படித்துக் காட்டு. எதிர்வீட்டு அக்கா படித்தாலும் படிக்கட்டும். நம்மைப்போல் தோட்டத்திலிருந்து கிளம்பி வந்த வீடுகள் பலவற்றில் இதே கதைதான், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

உன் அம்மா சோம்பேறி இல்லை என்பது உனக்குத் தெரியும். காலையும் மாலையும் வீட்டைக் கூட்டுகிறேன். சுத்தம் வேறு, அடைசல் வேறு. நம் வீட்டில் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றித்தான் கூட்டுவேன். பெட்டிகள் மட்டும் அசையாது. அந்தப் பெட்டிகளுக்கு உன் வயதில் பாதிக்கு மேல் ஆகிறது. கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டது, குடியிருக்கிற லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று எங்களை வேலை வாங்கிய மண்டோர் வந்து சொன்னபோது உனக்குப் பத்து வயது. புது வீடு கட்டித் தருகிறோம், அதுவரை இரண்டு வருஷம் மட்டும் இங்கே இருங்கள் என்று பலகைச் சுவர் வைத்த தற்காலிக வீட்டை வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். லோரியில் சாமான் வந்து இறங்கியதும் நான் பெட்டிகளைப் பிரிக்கப் போனேன். உன் அப்பா தடுத்துவிட்டார். "பிரிக்காத லா. ரெண்டு வருஷத்துல மறுபடி யாரு கட்டுறது? எல்லாம் புது வீட்டுக்கு ஆகும்." அது சரியான பேச்சாகத்தான் பட்டது. பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிவிட்டு நடுவில் கிடந்த இடத்தில் நாம் நாலு பேரும் படுத்தோம்.

அந்த இரண்டு வருஷம் எத்தனை வருஷமாக நீண்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு மீசை அரும்பியது, தங்கச்சி வயதுக்கு வந்தாள், புது வீடு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த வருஷம் என்றார்கள். நாங்களும் அதை நம்பி, சம்பளத்தில் கொஞ்சம் வெள்ளி மிச்சமானபோதெல்லாம் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடைக்குப் போய் ஏதாவது ஒன்று வாங்கி வந்தோம். கண்ணாடித் தட்டு செட்டு, சீலிங் ஃபேன், ஜன்னல் திரைத் துணி, பூப்போட்ட மேசை விரிப்பு. ஒரு தடவை உன் அப்பா அழைப்பு மணி வாங்கிக்கொண்டு வந்தார். நாம் இருந்த வீட்டில் கதவைத் தட்டினாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் "யாரு?" என்று கேட்பார்கள், அங்கே மணி எதற்கு? எதையும் பிரிக்கவில்லை, பிளாஸ்டிக்கோடு உள்ளே போயிற்று. தங்கச்சி ஆசைப்பட்டு ஒரு தட்டைக் கேட்டாலும், நீ ஃபேனைப் போடலாமே என்றாலும், எங்கள் இரண்டு பேர் வாயிலும் ஒரே பதில்தான்: புது வீட்டுக்கு ஆகும்.

இந்த இடத்தில் நான் உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இடைநிலைப் பள்ளிக்குப் போன வருஷம் ஒரு படிக்கிற மேசை வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு நிறம், பக்கத்தில் இரண்டு இழுப்பறை. லோரியிலிருந்து அதை இறக்கியபோது நீ குதித்தாய். உனக்காகத்தான் வாங்கினேன், அதில் பொய்யில்லை. ஆனால் பலகை வீட்டில் வைத்தால் ஒழுகுகிற மழையில் ஊறிவிடும், கால் உடைந்துவிடும் என்று பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டி, பெட்டிகளின்மேல் கவிழ்த்துப் போட்டேன். "புது வீட்டுக்கு ஆகும்யா, அங்க போயி உக்காந்து படிக்கலாம்." தரையில் குப்புறப் படுத்து, தலையணையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு படித்தாய். பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சைக்கும் அப்படித்தான் படித்தாய். முதுகு வலிக்கிறது என்று நீ சொன்னபோது கோடாலித் தைலம் தடவிவிட்டேனே தவிர, தலைக்கு மேலே கால்கள் மேலே பார்க்கக் கிடந்த அந்த மேசையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ பாஸ் பண்ணினாய், மேலே படிக்கப் போனாய், ஜொகூரில் வேலைக்குப் போனாய். அதற்குப் பிறகுதான் வீடு வந்தது. உனக்கென்று வாங்கிய மேசையில் நீ ஒரு நாள்கூட உட்காரவில்லை, ஐயா. அது என் தப்பு. அப்பாமேல் பழி போட மாட்டேன். கயிற்றைக் கட்டியது நான்.

வீடு வந்து இப்போது ஏழு வருஷம் ஆகிறது. கல் வீடு, மூன்று ரூம், முன்னால் கேட்டு. லோரி வந்தது, பெட்டிகள் இறங்கின, ரூம் ரூமாக ஏறி உட்கார்ந்தன. அவசரத்துக்கு வேண்டிய நாலு சட்டி பானையை எடுத்துக்கொண்டோம். மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றோம். அந்த அப்புறம் வரவே இல்லை. இதிலே நீ சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் தங்கச்சி தன் சம்பளத்தில் ஒரு கெட்டில் வாங்கி வந்தாள். உன் அப்பா பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு லா. வை, புது வீட்டுக்கு ஆகும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. நான் அந்தக் கெட்டிலை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் சுட வைத்தேன்.

நீ போனதற்கப்புறம், உன் பொய் வெளியான பிறகு, நான் சாமி வந்தவள்போல் ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் போகக் கூடாது, வீட்டை ஒழிக்கிறோம் என்று உத்தரவு போட்டேன். ஞாயிறு காலையில் உன் அப்பாவுக்குத் திடீரென்று சைக்கிள் சக்கரத்துக்குக் காற்று அடிக்கிற வேலை வந்துவிட்டது. தங்கச்சிக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம். நான் ஒருத்தி ஹாலில் நின்று கத்தினேன், பெட்டிகள் கேட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் இன்னும் மோசமாக ஒரு காரியம் செய்தேன். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, அவருடைய ஓட்டை இரும்புக் கட்டிலையும் டிராக்டர் ஓட்டிய காலத்து ஸ்பேனர் டப்பாவையும் பழைய இரும்பு லோரிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். லோரி நேராகப் போய் முச்சந்திச் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்க நின்றிருக்கிறது. உன் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கட்டிலை அவருக்குத் தெரியாதா? ஒரு மணி நேரத்தில் கட்டில், டப்பா இரண்டும் வீட்டுக்குத் திரும்பின. கூடவே யார் வீட்டுதோ ஒரு கால் ஒடிந்த நாற்காலியும் வந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவர் செய்தது நியாயம். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பொருளில் கை வைத்தது நான். நீ உன் வீட்டில் இதைச் செய்யாதே. உனக்குக் குப்பையாகத் தெரிவது மருமகளுக்கு என்னவென்று அவளிடம் கேட்காமல் ஒரு காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாதே.

கடைசியில் எங்களை அசைத்தது என் கத்தல் இல்லை, உன் தங்கச்சி வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை. ஒரு நாள் சாயங்காலம் எதையோ தேடி அவள் அந்த சீலிங் ஃபேன் பெட்டியைக் கீழே இறக்கினாள். "அதத் தொடாத லா, புது வீட்டுக்கு ஆகும்" என்றார் அப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மெதுவாகச் சொன்னாள், "அப்பா, இதுதாம்ப்பா புது வீடு."

உன் அப்பா அண்ணாந்து பார்த்தார். ஹாலின் நடுவில் ஃபேன் மாட்டுகிற கொக்கி காலியாக நின்றது. ஏழு வருஷமாக அதற்குக் கீழே ஸ்டாண்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "பிரிச்சிப் பாரு" என்றார். பிரித்தோம். உள்ளே பிளாஸ்டிக் உறை இறக்கையோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. திருகாணி எல்லாம் துருப்பிடித்துக் கையில் பொடியாகக் கொட்டியது. ஒரு நாள்கூடச் சுற்றாமலே அது கெட்டுப்போயிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, போட்டிருந்த பனியனால் அந்த இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார், "எல்லாத்தையும் பிரிச்சி வச்சா, மறுபடி காலி பண்ணச் சொல்லிருவானுங்களோன்னு பயமா இருக்கு." நான் அவரோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பிடிவாதக்காரர், கஞ்சன், ஒன்றையும் விடாதவர் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பயந்துபோன மனுஷன் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் அதே பயம் என்று தெரிந்தது. கெட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய கை என்னுடையதுதானே. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் தங்கச்சி ஒரு சட்டம் கொண்டுவந்தாள். இனிமேல் யார் வாயிலிருந்து "புது வீட்டுக்கு ஆகும்" என்று வருகிறதோ, அவர் அந்தப் பொருளை அன்றைக்கே பிரித்துப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்த முடியாவிட்டால் அவர் கையாலேயே வெளியே கொடுத்துவிட வேண்டும். தேத்தண்ணி குடித்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் கிடையாது. இது வேலை மாதிரியே இல்லை, ஐயா. உன் அப்பா முதல் நாளே இரண்டு தடவை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் ரசம் குடித்தார். நான் திரைத் துணியில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கே தைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. அழைப்பு மணி நல்லபடியாக இருந்தது. மாட்டி முடித்ததும் அப்பா வெளியே போய் அடித்தார், உள்ளே வந்து "கேட்டுச்சா?" என்றார், மறுபடி வெளியே போய் அடித்தார். நாலு தடவை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "யாரு வந்துருக்கா?" என்றார். "நாந்தான்" என்றார் உன் அப்பா.

லயத்தில் இருந்தபோது சுவரில் ஆணி அடித்தால் தோட்டத்து ஆபீஸ் கிராணி சத்தம் போடுவார், கம்பெனிச் சுவர் என்று. அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போகவே இல்லை. உன் கல்யாணப் படத்தைக்கூட டிவிக்குப் பின்னால் தரையில்தான் சாய்த்து வைத்திருந்தோம், நீ பார்த்திருப்பாய். போன வாரம் அப்பா அந்த ஸ்பேனர் டப்பாவிலிருந்து சுத்தியலை எடுத்தார். நான் தூக்கிக் கொடுத்த அதே டப்பாதான், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஹால் சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். கோணலாக இருக்கிறது. வந்தால் நிமிர்த்தாதே, அவர் மனசு கஷ்டப்படும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பின்பக்க ஸ்டோர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பெட்டியை மட்டும் அப்பா கயிறு கட்டி அலமாரிமேல் வைத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "இருக்கட்டும்" என்கிறார். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மனுஷனுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும். நீயும் இதைத் தெரிந்துகொள். உன் ஃபிளாட்டில் கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பொருளெல்லாம் இன்னும் காகிதம் பிரிக்காமல் ஸ்டோரில் அடுக்கியிருக்கிறது என்று மருமகள் பேச்சுவாக்கில் சொன்னாள். "சொந்த வீடு வாங்கின பிறகு பாத்துக்கலாம்னு சொல்றாரு அத்த" என்றாள். இந்த வியாதியை நாங்கள் உனக்கும் கொடுத்துவிட்டோம். இன்றைக்குப் போய் ஒன்றைப் பிரி. நல்ல தட்டாக இருந்தால் இரண்டு பேரும் அதிலேயே சாப்பிடுங்கள். உடைந்தால் உடையட்டும்.

உன் ரூமைக் கடைசியாகத்தான் ஒழித்தோம், எனக்கு மனசு வரவில்லை என்பதால். கட்டில்மேல் ஏறியிருந்த பெட்டிகள் இறங்கின. உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது வாங்கிய மெத்தை பிளாஸ்டிக்கோடு கிடந்தது. அப்பா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக் கிழித்தோம். சுவரோரமாகப் போர்வை சுற்றிய மேசை வந்தது. கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு மைக்கறை இல்லை. உன் பேனா பட்டு, காம்பஸ் முனை குத்தி, இந்நேரம் அசிங்கமாகியிருக்க வேண்டிய மேசை, கடையிலிருந்து வந்த மாதிரியே நின்றது. "இருக்கட்டும், அவன் பிள்ளைக்கு ஆகும்" என்றேன். தங்கச்சி விரலை நீட்டிவிட்டாள். "அம்மா! வார்த்தைய மாத்திச் சொன்னா மட்டும்? இன்னிக்கே யூஸ் பண்ணணும்."

இந்த வீட்டில் மேசையில் உட்கார்ந்து எழுதுகிற வேலை யாருக்கு இருக்கிறது? கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்து நானே உட்கார்ந்தேன். மூன்று நாளாக எழுதுகிறேன். நீ தரையில் கிடந்து படித்த படிப்பை நினைத்துக்கொண்டு, உன் மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கெட்டிலில் சுட வைத்த தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்ததில் பலகையில் வட்டமாக ஒரு கறை விழுந்துவிட்டது. நான் துடைக்கவில்லை.

அந்த ஹோம்ஸ்டேக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிடு. மருமகளிடம் சொல், ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, சேலை மாற்றக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன். மின்மினி பார்க்க நிஜமாகவே ஆசை இருந்தால் மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பார்த்துவிட்டு வந்து மணியை ஒரு தடவை அடித்தால் போதும், அப்பா ஓடிவந்து திறப்பார். படுக்க மட்டும் புது வீட்டுக்கு வந்துவிடு, ஐயா.